திரும்பி வர ஒரு வழி

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உங்க வேலையைப் பத்தி பத்து நிமிஷம் பேசுங்க" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். எங்கள் வடக்கனந்தலில் யாரிடம் விசாரித்தாலும், "அவரு இன்டர்நெட்டுல ஏதோ பண்றாரு" என்றுதான் சொல்வார்கள். அந்த 'ஏதோ'வில் ஒரு சின்னத் துண்டை மட்டும் இன்று எடுத்துக்கொள்கிறேன். ரவுட்டருக்குப் புது சாப்ட்வேர் ஏற்றும்போது பாதியில் நின்றுபோனால் என்ன செய்வது?

ரவுட்டர் என்பது தபால் பிரிக்கிற இடம் மாதிரி. கச்சிராயபாளையம் கடிதம் இந்தப் பையில், சங்கராபுரம் கடிதம் அந்தப் பையில் என்று பிரித்து அனுப்புகிற வேலை. அந்த வேலையைச் செய்யும் சாப்ட்வேர், ஃபிளாஷ் என்கிற நினைவகத்தில் ஒரு பெரிய கோப்பாக இருக்கிறது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்க அவ்வப்போது புதுக் கோப்பு போட்டுத்தான் ஆகவேண்டும். ஃபிளாஷில் இரண்டு கோப்புக்கு இடமில்லாவிட்டால் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுவார்கள். நடுவில் கரண்ட் போனால் பழையதும் இல்லை, புதியதும் பாதி. விளக்கு எரியும், விசிறி சுற்றும், ஒரு கடிதம்கூடப் போகாது. "செத்துப்போச்சு சார்" என்பார்கள்.

பெரும்பாலும் அது சாகவில்லை. ஏன் என்பதற்கு நம்ம ஊர் உதாரணமே போதும். கோமுகி அணைத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஏரியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஏரிக்கு மதகு உண்டு, கலங்கலும் உண்டு. மதகைத் திறக்க ஆள் வேண்டும். கலங்கலுக்கு ஆள் வேண்டாம். ஏரி நிரம்பினால் தண்ணீர் தானே வழிந்துவிடும், கரை பிழைக்கும். மதகு பழுதாகும் நாள் வரும் என்று கட்டினவனுக்கே தெரிந்திருக்கிறது. ரவுட்டரிலும் அப்படி ஒரு கலங்கல் வைத்திருக்கிறார்கள். சிஸ்கோ ரவுட்டர்களில் அதற்கு ரோம் மானிட்டர் என்று பெயர், சுருக்கமாக ரோம்மான். ஃபிளாஷில் நடக்கும் அழிப்பும் எழுத்தும் இந்தச் சின்ன நிரலைத் தொடுவதில்லை, ஏனென்றால் அது வேறு சில்லில் இருக்கிறது.

அதைப் பிடிக்கும் முறை இதுதான். ரவுட்டரின் பின்னால் கன்சோல் என்று எழுதிய துளை இருக்கும். அதற்கு ஒரு கேபிள் போட்டு லேப்டாப்போடு இணைக்க வேண்டும். வேகம் 9600. ரவுட்டரை அணைத்துப் போட்டு, முதல் 60 விநாடிக்குள் பிரேக் சமிக்ஞை அனுப்ப வேண்டும். ரோம்மான் திரையில் வந்து நிற்கும். பழைய கோப்பு எங்காவது மிச்சமிருந்தால் அதிலிருந்தே கிளப்பலாம். இல்லாவிட்டால் டிஎஃப்டிபி முறையில் நெட்வொர்க் கேபிள் வழியாகவோ, எக்ஸ்மோடம் முறையில் கன்சோல் கேபிள் வழியாகவோ புதுக் கோப்பை ஊட்டலாம்.

2004-ல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்தின் கிளை, பெயர் வேண்டாம். தலைமையகத்திலிருந்து இரவில் சாப்ட்வேர் ஏற்ற ஆரம்பித்திருக்கிறார்கள். கரண்ட் போனது, யு.பி.எஸ். பேட்டரியும் கைவிட்டது. விழுப்புரத்தில் இருந்த என்னை அனுப்பினார்கள். போய்ச் சேர்ந்தபோது மணி 11. காலை 9-க்குக் கவுன்டர் திறந்தாக வேண்டும். அந்த மாடலுக்குக் கன்சோல் வழியாக மட்டும்தான் கோப்பு வாங்கத் தெரியும். கோப்பு 16 மெகாபைட். கணக்குப் போட்டுப் பாருங்கள். 9600 வேகத்தில் விநாடிக்கு 960 பைட் என்றால் ஏறக்குறைய 5 மணி நேரம். நடுவில் ஒரு தடங்கல் வந்தால் முதலிலிருந்து ஆரம்பம். வேகத்தை 115200-க்கு மாற்றினால் அதே கோப்பு அரை மணி சுமாரில் முடியும். மாற்றினேன். மேலாளர் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து, "தம்பி, உசிரு இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "இருக்கு சார், நீங்க அந்த பிளக்கைத் தொடாம இருந்தா இருக்கும்" என்றேன். 1 மணிக்கு முன்பே ரவுட்டர் எழுந்துவிட்டது. அதன் அமைப்பு விவரம், அதாவது எந்த ஊருக்கு எந்தப் பை என்கிற பட்டியல், தனி நினைவகத்தில் இருந்ததால் அப்படியே பிழைத்தது. வாட்ச்மேன் அண்ணன் வாங்கி வந்த டீயை அன்று மூன்று பேரும் நிம்மதியாகக் குடித்தோம்.

ஒரு கிளையோடு போனால் இவ்வளவுதான். ஒரு நாடே நின்ற கதையும் இருக்கிறது. கனடாவில் 2022 ஜூலை 8, வெள்ளிக்கிழமை விடியற்காலை. ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்பு நிறுவனம் தன் மைய நெட்வொர்க்கை ஏழு கட்டமாக மேம்படுத்திக்கொண்டிருந்தது. ஆறாவது கட்டத்தில், ரவுட்டர் அமைப்பில் இருந்த ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. அது தடுத்து வைத்திருந்த வழித்தகவல்கள் வெள்ளமாகப் பாய்ந்து, மைய ரவுட்டர்கள் தாங்காமல் விழுந்தன. 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்குப் போனும் இல்லை, இன்டர்நெட்டும் இல்லை. கடைகளில் டெபிட் கார்டு ஓடவில்லை. 911 என்ற அவசர எண்ணுக்குப் பலரால் பேச முடியவில்லை. டொராண்டோ பக்கம் நம் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

இதில் முக்கியமான இடம் எதுன்னா, பழுது பார்க்கப் போகிற பாதையும் அதே மைய நெட்வொர்க்கின் மேல்தான் இருந்தது. ஊழியர்கள் பலரின் போனும் அதே நிறுவனத்து சிம். ஆக, உள்ளேயும் போக முடியவில்லை, ஒருவரோடு ஒருவர் பேசவும் முடியவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கவே சுமார் 14 மணி நேரம் ஆயிற்று. ஊர் முழுக்க மதகு, ஒரு கலங்கல்கூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு, 2021 அக்டோபர் 4 இரவு 9 மணிக்கு மேல் வாட்ஸ்அப் நின்றுபோனது உங்களுக்கு நினைவிருக்கும். பேஸ்புக் நிறுவனத்தின் பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை அவர்களுடைய முதுகெலும்பு நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. தூரத்திலிருந்து உள்ளே போக வழியில்லாமல், பொறியாளர்கள் நேரில் போய்த்தான் சரிசெய்தார்கள். ஏறக்குறைய 6 மணி நேரம்.

இதெல்லாம் நமக்கு எதுக்குன்னு கேட்கலாம். தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளைக் கண்ணாடி இழைக் கம்பியால் இணைப்பது என்று பாரத்நெட் திட்டம் போடப்பட்டது. கல்வராயன் மலையில் ஒரு கிராமத்துக்கு ஒரே ஒரு இணைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ், ரேஷன், பள்ளிக்கூடம், 108-க்குப் போகும் அழைப்பு எல்லாம் அதை நம்பித்தான். அங்கே ஒரு பெட்டி இரவில் பாதியில் நின்றால், கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏறி ஒருவர் போக வேண்டும். டொராண்டோவுக்காவது ஆயிரம் பொறியாளர்கள் இருந்தார்கள். வெள்ளிமலைக்குப் போவது உங்களில் ஒருவராகத்தான் இருக்கும்.

ஆகவே தம்பி தங்கைகளே, நாலே நாலு பழக்கம். ஏற்றுவதற்கு முன் பழைய கோப்பையும் அமைப்பு விவரத்தையும் வெளியே நகல் எடுங்கள். புதுக் கோப்பின் எம்டி5 எண்ணைச் சரிபாருங்கள். அது கோப்பின் கைரேகை மாதிரி, ஓர் எழுத்து மாறினாலும் கோப்பு கெட்டது என்று அர்த்தம். பேட்டரியை நீங்களே சோதியுங்கள். கடைசியாக, எதை மாற்றப் போகிறீர்களோ அதை நம்பாத ஒரு பாதையை உள்ளே போக வைத்துக்கொள்ளுங்கள். கன்சோல் கேபிள், இன்னொரு கம்பெனி சிம், சாவியோடு அருகில் ஓர் ஆள், எதுவானாலும் சரி. வீட்டு ரவுட்டர்களிலும் பல மாடல்களில் ரீசெட் பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால் மீட்பு நிலைக்குப் போகும். தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு தரம் முயன்று பாருங்கள்.

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகங்களில் ஓய்வு கொடுத்த பழைய ரவுட்டர்கள் மூலையில் கிடக்கும். அனுமதி வாங்கி, உள்ளே இருக்கும் விவரங்களை அழித்துவிட்டு, நம் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொடுங்கள். பிள்ளைகள் வேண்டுமென்றே கரண்ட்டைப் பிடுங்கி, கோப்பைக் கெடுத்து, மறுபடி எழுப்பிப் பழகட்டும். யாருக்கும் நஷ்டம் இல்லாத இடத்தில் பத்து தரம் செய்தவனுக்கு, ராத்திரி 11 மணிக்கு மலை மேல் கை நடுங்காது.