நெல்லோடு மீனும் வளர்ப்போம்



மாதக் கடைசியில் நம்ம லயத்து அடுப்பில் பருப்பையும் நெத்தலிக் கருவாட்டையும் விட்டால் வேறென்ன வேகுது? டின் மீன் வாங்கவும் கணக்குப் பார்க்கிறோம். அதனால் இன்றைக்கு வயல் மீனைப் பற்றிப் பேச வந்தோம்.

கம்பளை, ஹேவாஹெட்ட பக்கம் கிராமத்து வயலைப் பங்குக்கு எடுத்துச் செய்கிற குடும்பங்கள் நம்மிலும் உண்டு. அந்த வயலிலேயே மீனும் வளர்க்கலாம். சீனாவின் சிங்தியன் பகுதியில் ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இப்படிச் செய்கிறார்கள். இந்தியாவில் சீரோ பள்ளத்தாக்கு கண்டியை விட ரொம்பக் குளிரான மலைப் பிரதேசம். அங்கே அபதானி மக்கள் 1960களிலிருந்து வயலில் கார்ப் மீன் வளர்க்கிறார்கள். ஆகவே குளிரைச் சாட்டுச் சொல்ல முடியாது.

வரம்பை உயர்த்தி, வயலுக்குள் முழங்கால் ஆழத்தில் ஒரு கான் வெட்ட வேணும். (கான் வெட்டுறதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை!) தண்ணீர் குறைந்தால் மீன் அதில் ஒதுங்கும். தண்ணீர் வரும் வாயிலும் போகும் வாயிலும் வலை கட்டுங்கள். நாற்று நட்டுப் பத்துப் பதினைந்து நாளில், வேர் பிடித்த பிறகு குஞ்சு விடலாம். மீன் பூச்சியையும் நுளம்புக் குடம்பியையும் தின்னும்; அதன் எச்சம் பயிருக்கு உரம். அதுக்காக வேறு உரமே வேண்டாம் என்று யாரும் சொன்னால் நம்பாதீங்க. 2021இல் இரசாயன உரத்தைத் திடீரென நிறுத்தி விவசாயிகள் பட்ட பாடு நமக்குத் தெரியும். கொக்கும் தண்ணிப் பாம்பும் பங்குக்கு வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

மீன் விட்ட வயலுக்குப் பூச்சி மருந்து அடிக்கக் கூடாது. இது வயல்காரர் மட்டும் கவனிக்கிற காரியம் அல்ல. மேலே தோட்டம், கீழே வயல். நாம் மருந்து டாங்கியை ஓடையில் கழுவினால் கீழே குஞ்சு செத்து மிதக்கும். அதே ஓடைத் தண்ணியைத்தானே கீழே இருக்கிற பிள்ளைகளும் குளிக்க எடுக்குது? வயல் இல்லாத வீட்டாரும் இதை நாளைக்கே நிறுத்தலாம்.

1990இல் அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்கு உதவியை நிறுத்தியது; 1994இல் மீண்டும் தொடங்கியது. இப்போது அந்த வேலையை நக்டா அதிகார சபை பார்க்கிறது. குஞ்சுக்கு அவர்களிடம் விசாரியுங்கள். முதல் போகத்தில் ஒரேயொரு பாத்தி போதும்.

ஒரு விஷயம். கான் வெட்டினால் நெல் நடுகிற இடம் கொஞ்சம் குறையும். ஆகவே மண்வெட்டி எடுக்க முன்னமே வயல் சொந்தக்காரரிடம் கேளுங்கள். மீனில் அவருக்கு எவ்வளவு, நமக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே, இரண்டு பேர் முன்னிலையில் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.