பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிப்பது யார்?

(பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் கூடிய கூட்டத்தில், மைக்செட்டுப் பழுது பார்க்கும் தோழர் ஒருவர் பேசியது)



மேடையில் பேசுகிறவர்களுடைய குரல் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி செய்வதே இதுவரை என் தொழிலாக இருந்து வந்ததே ஒழிய, அந்த மேடையில் நானே ஏறி நின்று பேசுவது எனக்கு வழக்கமில்லை. ஆகவே இலக்கியமோ புராணமோ என்னிடம் எதிர்பார்க்காதீர்கள். பேசியே தீர வேண்டும் என்கின்ற ஒரு காரியம் நம் ஏரிக்கரையில் நடந்துவிட்டது. அதனால்தான் ஒப்புக் கொண்டேன்.

நடந்த ஊரின் பெயர் வேண்டாம். அரங்கங்குப்பத்தில் நடந்திருந்தாலும் கோரைக்குப்பத்தில் நடந்திருந்தாலும் சங்கதி ஒன்றுதான். அந்த ஊர்ப் பையன்கள் அய்ந்தாறு பேர் சேர்ந்து கித்தார், கீ போர்டு, டிரம்ஸ் வைத்துக்கொண்டு பாட்டுக் கச்சேரி நடத்துகிறார்கள். அம்மன் திருவிழாவுக்கும் வாசிப்பார்கள், மாதா கோவில் திருநாளுக்கும் வாசிப்பார்கள், கலியாணத்திற்கும் வாசிப்பார்கள். இவர்கள் சென்னைக்குப் போய்ப் பழைய வால்வு ஆம்பிளிபயர் ஒன்றைக் கித்தாருக்கென்று விலைக்கு வாங்கி வந்தார்கள். வால்வுப் பெட்டியில்தான் கித்தாரின் நாதம் நன்றாய் இருக்கும் என்பது உலக முழுவதும் கித்தார்க்காரர்களின் அபிப்பிராயம். வாஸ்தவமாகவும் இருக்கலாம்.

திருவிழா இரவில் அந்தப் பெட்டி ‘உர்’ரென்று இரைச்சல் போட்டது. மறுநாள் காலை, பெட்டியைக் கழற்றிப் பார்ப்போம் என்று ஒரு பையன் உட்கார்ந்தான். புத்தியுள்ள பையன். முதலில் பிளக்கைப் பிடுங்கினான். அந்த நேரம் ஊரிலேயே கரண்டு இல்லை. பின் மூடியைக் கழற்றி உள்ளே கையை விட்டானோ இல்லையோ, யாரோ பிடித்துத் தள்ளினது போல் பின்னால் போய் விழுந்தான். சுவரில் மோதி மண்டை உடைந்தது. இரண்டு விரல்களில் தீப் புண்.

தோழர்களே! பிளக்கு தரையில் கிடக்கிறது. ஊரில் கரண்டே இல்லை. ஆனாலும் பெட்டி அடித்தது. அப்படியானால் அடித்தது யார்? நம்முடைய ஆட்களுக்கு இதற்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? அரை மணி நேரத்திற்குள் ‘அம்மன் அடித்துவிட்டாள்’ என்று முடிவாகிவிட்டது. அம்மன் சும்மா அடிப்பாளா? திருவிழாப் பெட்டியைத் தொடக்கூடாதவர்கள் யாரோ தொட்டிருக்க வேண்டும். யார் தொட்டது? பையனுடைய அண்ணி. புருஷனைக் கடலில் பறிகொடுத்தவர். கூடையில் மீன் சுமந்து விற்றுப் பிழைக்கிறவர். இரவு பனி பெய்கிறதே, பெட்டி நனைந்து போகுமே என்று அந்த அம்மாள்தான் அதைத் தூக்கி வீட்டுக்குள் வைத்திருக்கிறார். முடிந்தது விவகாரம்! பரிகாரப் பூசைக்கு மூவாயிரம் ரூபாய் அந்த அம்மாள் தலையில் விழுந்தது. காதில் கிடந்த கம்மல் அடகுக் கடைக்குப் போயிற்று.

பதினைந்து நாள் கழித்து அந்தப் பெட்டி என் மேஜைக்கு வந்தது. அதற்குள் இருந்த அம்மனை நான் பார்த்தேன். கட்டை விரலைவிடச் சற்றுப் பருத்த ஒரு தகரக் குப்பி அது. கண்டென்சர் என்று அதற்குப் பெயர்.

அது என்ன செய்கிறது என்பதை உங்களுக்குச் சொல்லுவது எளிது. ஏனெனில் நீங்கள் ஏரிக்காரர்கள். நம் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைத்துக் கொள்ளுகிறதே, அப்போது கடலிலிருந்து தண்ணீர் வருவது நின்றுவிடுகிறது. அதனால் ஏரி அந்த நிமிஷமே வறண்டு போய்விடுகிறதா? உள்ளே வந்த தண்ணீர் உள்ளேயே நிற்கிறது. பிளக்கைப் பிடுங்குவது என்பது முகத்துவாரத்தை அடைப்பது போன்றது. கண்டென்சர் என்பதுதான் ஏரி. வீட்டுக்கு வருவது 230 வோல்ட்டு மின்சாரம். வால்வுப் பெட்டி அதை 300, 400, 500 வோல்ட்டு வரையில் ஏற்றி, ஒரே திக்கில் ஓடும்படி மாற்றி, அலை அடங்குவதற்காகக் கண்டென்சரில் தேக்கி வைத்துக் கொள்ளுகிறது. பிடுங்கிய பிறகு அது வடிந்து போக வழியில்லாவிட்டால் மணிக்கணக்காய், சிலதில் நாட்கணக்காய்க்கூட அப்படியே நிற்கும்.

வழி வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். யோக்கியமாய்ச் செய்த பெட்டிகளில் வைத்திருப்பார்கள். கண்டென்சரின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே ஒரு ரெசிஸ்டர் இருக்கும். சிறு வாய்க்கால் மாதிரி. பிடுங்கின இரண்டொரு நிமிஷத்தில் தேங்கினதை வடித்துவிடும். இந்தப் பெட்டியிலும் அது இருந்தது. ஆனால் அதன் ஒரு கால் பச்சைக் களிம்பு பிடித்து, அரித்து, அறுந்து போய்க் கிடந்தது. நம் உப்புக் காற்று படகின் ஆணியையே தின்கிறதே, மயிர்க்கம்பி எம்மாத்திரம்? வாய்க்கால் அறுந்தது வெளியே தெரியாது. பெட்டி வழக்கம்போல் பாடிக்கொண்டுதான் இருக்கும்.

அடி எவ்வளவு பலம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்தக் குப்பியில் 450 வோல்ட்டு, 100 மைக்ரோ பாரட் என்று எழுதியிருந்தது. முழுக்க நிரம்பினால் அதில் நிற்பது சுமார் 10 ஜூல். அதாவது ஒரு கிலோ வஞ்சிரத்தை இடுப்பு உயரத்திலிருந்து காலில் போட்டுக் கொண்டால் எவ்வளவோ அவ்வளவு. ‘இதுதானா?’ என்று சிரிக்காதீர்கள். காலில் விழுவது வேறு. ஒரு கையில் நுழைந்து மார்பு வழியாய் மறு கையில் வெளியேறுவது வேறு. உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். உப்புத் தண்ணீரில் ஊறின நம் கை தடுக்காது. ஈரக் கையானால் உடம்பின் தடை 1000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். அப்போது முதல் பாய்ச்சல் அரை ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. பத்தில் ஒரு பங்கு ஆம்பியர் ஒரு வினாடி இருதயத்தின் வழியாய்ப் போனாலே இருதயம் தாளம் தப்பிவிடும் என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். கண்டென்சர் சீக்கிரம் காலியாகி விடுவதால்தான் அனேகர் தப்புகிறார்கள். பையனும் அப்படித்தான் தப்பினான்.

நிற்க. இந்தக் குப்பிக்கும் நம்முடைய பழவேற்காட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. இங்கே 1613ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டின டச்சுக்காரர்களின் கல்லறைகள் இன்னும் நிற்கின்றன அல்லவா? அவர்கள் தேசத்திலே லெய்டன் என்று ஒரு பட்டணம். அங்கே முஷன்புரோக் என்ற ஆசிரியர் 1746ல், கண்ணாடிச் சாடியில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு கம்பியை விட்டு, உராய்ந்து மின்சாரம் உண்டாக்கும் எந்திரத்தில் மாட்டிச் சோதித்துக் கொண்டிருந்தார். ஒரு கையில் சாடி, மறு கை கம்பியில் பட்டது. உடம்பு முழுவதும் இடி விழுந்தது போல் ஆயிற்று. பிரஞ்சு ராஜ்யத்தையே கொடுத்தாலும் இரண்டாம் தடவை தொடமாட்டேன் என்று சிநேகிதருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முந்தின வருஷமே ஜெர்மனியில் கிளைஸ்ட் என்பவர் இதே அடியை வாங்கியிருந்தார். எந்திரத்திலிருந்து சாடியைப் பிரித்துத் தனியே எடுத்துக் கொண்டு போனாலும் அது அடித்தது. உங்கள் ஆம்பிளிபயர் பிளக்கைப் பிடுங்கிய பிறகு அடிக்கிறதே, அதே சங்கதி!

இதில் எனக்கு மிகவும் பிடித்தது என்னவென்றால், அந்தக் கிளைஸ்ட் ஒரு பாதிரி. பிறகு வெர்சேல்ஸில் இதை அரசனுக்கு முன் காட்டின நொல்லே என்பவரும் பாதிரிதான். 180 சிப்பாய்களைக் கை கோர்த்து நிற்க வைத்து, சாடியைத் தொடச் செய்து, அத்தனை பேரையும் ஒரே சமயத்தில் துள்ள வைத்தார். பிசாசைப் பற்றிப் போதிக்கிற உத்தியோகத்தில் இருந்த அவர்களே, இது பிசாசு என்று சொல்லி எவளோ ஒரு விதவையைத் தேடிக் கொண்டு போகவில்லை. மறுபடியும் செய்து பார்த்தார்கள். சாடியை மாற்றிப் பார்த்தார்கள். மற்றவர்கள் தண்ணீருக்குப் பதில் உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டிப் பார்த்தார்கள். அந்தத் தகடுகள்தான் இன்றைக்குச் சுருட்டி மடக்கப்பட்டு உங்கள் பெட்டிக்குள் குப்பியாய் உட்கார்ந்திருக்கின்றன.

மின்சாரம் எங்கிருந்து வந்தது என்று கண்ணுக்குத் தெரிந்தால் நம் ஜனங்களும் நியாயமாய்த்தான் பேசுகிறார்கள். 2022 ஏப்ரல் 27ந் தேதி விடியற்காலத்தில் தஞ்சாவூரையடுத்த களிமேட்டில் தேர் உயர்மின் கம்பியில் பட்டு 11 பேர் மாண்டு போனார்கள். கம்பி கண்ணெதிரே இருந்தபடியால் ‘கம்பி ஏன் அங்கே இருந்தது? கரண்டை ஏன் நிறுத்தவில்லை?’ என்று கேட்டார்கள். கம்பி தெரியாத இடத்தில்தான் பூசாரிக்கு வேலை கிடைத்து விடுகிறது.

இனி, பெட்டியைக் கழற்றியே தீருவேன் என்கின்ற பையன்களுக்குச் சொல்லுகிறேன். தெரியாதவன் வால்வுப் பெட்டியைத் தொடாமலிருப்பதே மேல். தெரிந்து கொண்டவன் செய்ய வேண்டியது இது. பிளக்கைப் பிடுங்கி, அது உன் கண்ணில் படும்படி பக்கத்தில் வைத்துக்கொள். கையைத் துடைத்துக் கொண்டு, உலர்ந்த பலகையின்மேல் நில். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள். இரண்டு கையும் உள்ளே போகிற அன்றைக்குத்தான் மார்பு வழியாய்ப் பாயும். டெஸ்டர் திருப்புளியை வைத்து, விளக்கு எரியவில்லை, ஆகையால் மின்சாரம் இல்லை என்று நினைக்காதே. தேங்கி நிற்கும் மின்சாரத்திற்கு அந்த விளக்கு சாட்சி சொல்லாது. மல்டி மீட்டரை நேர்மின்சாரத்தில் 1000 வோல்ட்டுக்கு வைத்து, கறுப்புக் கம்பியைப் பெட்டியின் தகட்டிலும் சிவப்புக் கம்பியைக் கண்டென்சரின் முனையிலும் மாட்டிப் பார். மீட்டர் வேலை செய்கிறதா என்பதை முன்னும் பின்னும் ஒரு பாட்டரியில் தொட்டுச் சோதித்துக்கொள். வோல்ட்டு நின்றால், 10 கிலோ ஓம், 10 வாட்டு ரெசிஸ்டர் ஒன்றுக்கு இரண்டு பக்கமும் உறை போட்ட கம்பியும் கவ்வியும் வைத்து, அதை முனைக்கும் தகட்டுக்கும் குறுக்கே மாட்டு. இந்தக் குப்பியானால் பத்து வினாடிக்குள் முள் இறங்கிவிடும். இறங்கினதைக் கண்ணால் பார்த்த பிறகும் ரெசிஸ்டரை எடுத்துவிடாதே, வேலை முடிகிற வரையில் அங்கேயே இருக்கட்டும். படகிலே தண்ணீரை முழுக்க இறைத்துவிட்டுத் திரும்பினால் பலகை இடுக்கில் இருந்தது கொஞ்சம் ஊறி வந்து நிற்கிறதல்லவா? கண்டென்சரிலும் அப்படி ஊறும். அன்றியும் ஒரு பெட்டிக்குள் நான்கைந்து கண்டென்சர் இருக்கும். ஒவ்வொன்றையும் பார்.

திருப்புளியைக் குறுக்கே வைத்து ‘படார்’ என்று வெடிக்க வைக்கிறவர்கள் எங்கள் தொழிலில் நிறைய உண்டு. நானும் சிறு வயதில் அந்த வீரத்தைக் காட்டினவன்தான். தீப்பொறி கண்ணில் தெறிக்கும், கண்டென்சரும் கெடும். அதில் மெச்சிக் கொள்ள ஒன்றுமில்லை.

உங்களைப் பயமுறுத்திவிட்டுப் போவதற்காக நான் வரவில்லை. ஆட்டோவில் கட்டிக்கொண்டு போகிற 12 வோல்ட்டு பாட்டரி மைக்செட்டில் இந்த ஆபத்து மிகக் கொஞ்சம். ஆனால் இக்காலத்துப் பெட்டிகளில், வால்வு இல்லாதவைகளிலும் பலவற்றில், வீட்டு மின்சாரத்தை நேரே மாற்றிச் சுமார் 325 வோல்ட்டாய்த் தேக்குகிறார்கள். பழைய குழாய் டெலிவிஷன், மைக்ரோவேவ் அடுப்பு, இறால் பண்ணையில் ஓடுகிற மோட்டார்களில் அனேகம், எல்லாவற்றிலும் இந்தக் குப்பி உண்டு. அது அம்மன் திருவிழாவா, மாதா திருநாளா, சந்தனக்கூடா என்று கேட்டுக் கொண்டு அடிப்பதில்லை. தொட்டவர் ஆணா பெண்ணா, தாலி இருக்கிறதா இல்லையா என்பதும் அதற்குத் தெரியாது.

யாராவது அடிபட்டு விழுந்தால் வேப்பிலை தேடி ஓடாதீர்கள். மின்சாரம் இன்னும் வருகிறதென்றால் முதலில் அதை நிறுத்துங்கள். மூச்சு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் மார்பின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை பலமாய் அமுக்கிக் கொண்டே இருங்கள். ஒருவர் 108க்குச் சொல்லட்டும். மூச்சு இருந்தாலும், மயக்கம் தெளிந்து எழுந்தாலும், ஆஸ்பத்திரியில் இருதயத்தைக் காட்டிவிடுவது நல்லது.

அந்த அம்மாளிடம் போய், அறுந்த ரெசிஸ்டரை உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, “இது முன்னமே தெரிஞ்சிருந்தா என்னைச் சொல்லியிருக்க மாட்டாங்களா, அண்ணே?” என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ரெசிஸ்டர் அறுந்தது தெரிந்திருந்தால், ‘அது அறுந்ததே இவள் தொட்டதனால்தான்’ என்றும் சொல்லக்கூடியவர்கள்தானே நம்மவர்கள்? பையன் மட்டும் இப்போது அண்ணியின் பக்கம் பேசுகிறான். கம்மலை மீட்டுத் தருகிறேன் என்று கச்சேரிப் பணத்தில் சேர்த்து வருகிறான். வாங்கிய மூவாயிரத்தைப் பூசாரி திருப்பித் தருவார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இதோ இந்த மேஜையின்மேல் இருப்பதுதான் அந்தப் பெட்டி. புது ரெசிஸ்டரை இன்னும் நான் வைக்கவில்லை, உங்களுக்குக் காட்டுவதற்காகவே. கூட்டம் ஆரம்பிப்பதற்கு முன்னே பிளக்கைப் பிடுங்கியாயிற்று. மீட்டரை மாட்டியிருக்கிறேன். முள் எங்கே நிற்கிறதென்று வந்து படியுங்கள். பிறகு கவ்வியை மாட்டி வடிக்க வேண்டும். எப்படிப் பிடிப்பதென்று பக்கத்தில் நின்று சொல்லித் தருகிறேன். அதற்கு முதலில் தாய்மார்களில் ஒருவர் எழுந்து வரட்டும்.