சுடர் இல்லாத சூடு

ஜப்பானில் 1923-இல் உருவான ஹக்கின் கைச்சூடேற்றியில் தீச்சுடர் கிடையாது. பஞ்சில் ஊறிய பென்சினின் ஆவி, பிளாட்டினத்தின் மேல் காற்றோடு கலந்து மெல்ல எரிகிறது. 'சுடரே இல்லையே, தூங்கும்போது போர்வைக்குள் வைத்தால் என்ன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இங்கே தோலைச் சுடுவது சூடு மட்டுமல்ல, நேரமும்தான். 44 டிகிரி செல்சியஸ் தொட்டால் இதமாகத்தான் இருக்கும். அதுவே ஒரே இடத்தில் 6 மணி நேரம் பட்டால் தோல் வெந்துவிடும் என்று 1947-இலேயே ஆய்வில் கண்டார்கள். விழித்திருப்பவர் நகர்த்திக்கொள்வார்; தூங்குபவருக்கும், சர்க்கரை நோயால் கால் மரத்தவருக்கும் அது தெரியாது. சூடேற்றியைப் போட்டுவைக்கும் துணிப்பை இருக்கிறதே என்றால், பை சூட்டைக் குறைக்கும், நேரத்தைக் குறைக்காது. தவிர, எரிய சூடேற்றிக்கும் ஆக்சிஜன் வேண்டும். அடைத்த கூடாரத்துக்கு ஆகாது. நன்றாக ஆறிய பிறகு, நெருப்பில்லாத திறந்த வெளியில் எரிபொருள் ஊற்றுங்கள். படுக்கப் போகுமுன் உடம்பிலிருந்து எடுத்துவிடுங்கள்.