நேட்டால் கரையின் எழுதப்படாத நெய்தல்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கடலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று நான் சொன்னபோது, "மாகறலில் கடல் ஏது ஐயா?" என்று கேட்டார் செயலாளர். கேள்வி நியாயமானதே. நம் ஊருக்கு வாய்த்தது செய்யாறு. அதிலும் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். ஆயினும் அந்தச் செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு கூடிச் சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே கடலைச் சேர்கிறது. மழைக்காலத்தில் நம் ஊரைக் கடந்து போகும் நீர் கடலைப் பார்த்துவிடுகிறது. நாம்தாம் பார்ப்பதில்லை.

பார்க்காமலே எழுதுகிறோம் என்பதே என் குறை. இந்தப் பத்தாண்டுக் கூட்டங்களில் படிக்கப்பட்ட கவிதைகளில் அலை வராத கவிதை குறைவு. ஆனால் அந்த அலையில் ஒரு மீனோ, கரையில் ஒரு பறவையோ தன் பெயரோடு வந்ததாக எனக்கு நினைவில்லை. என் கவிதைகளையும் சேர்த்தே சொல்கிறேன். நம் நெசவாளர்கள் முந்தானை நிறைய அன்னம் நெய்கிறார்கள். அன்னத்தைக் கண்டவர் அவர்களுள் ஒருவரும் இலர். பட்டுக்கு அது பொருந்தும். தறிக்கு மேலே ஜக்கார்டுப் பெட்டி இருக்கிறது. அன்னத்தின் கழுத்து எவ்விடத்தில் வளைய வேண்டும் என்பதை அதன் அட்டை சொல்லிவிடும். கவிஞனுக்கு அப்படி ஓர் அட்டை இருக்கலாகாது.

இந்த எண்ணம் எனக்கு நம் கரையில் தோன்றவில்லை. இந்தியப் பெருங்கடலின் மறுகரையில், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தோன்றியது. சில ஆண்டுகளுக்கு முன் என் மகள் குடும்பம் டர்பன் நகரில் இருந்தது. அவர்களோடு ஒரு குளிர்காலம், மே முதல் ஆகஸ்டு வரை, தங்கியிருந்தேன். அந்நாட்டுக் குளிர்காலம் என்பது நம் மார்கழியைவிடச் சற்றே கூடுதலான குளிர், அவ்வளவுதான். கரும்பும் வாழையும் மாவும் விளையும் மண் அது.

அக்கரைக்கும் நமக்கும் உள்ள தொடர்பை இங்குள்ள பலர் அறிவீர்கள். 1860-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் நவம்பர் 16-ஆம் நாள் நேட்டால் துறைமுகத்தை அடைந்தது. அதில் 342 பேர் சென்றனர். 1911 வரை ஐம்பத்தோராண்டுகளில் ஒப்பந்தக் கூலிகளாய் அங்கே இறக்கப்பட்டவர்கள் 1,52,184 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையிலிருந்து கப்பலேறியவர்கள். நம் செங்கற்பட்டு, வட ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து போனவர்கள் அதில் கணிசம். அவர்கள் போனது கரும்புக்காக. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தைப் பாடினார். ஆகவே கடல் கடந்த கூலி என்றாலே நம் நினைவுக்கு வருவது கரும்புதான். ஆனால் ஒப்பந்தம் முடிந்தபின் கரும்பை விட்டுக் கடலுக்குப் போனவர்களும் இருந்தார்கள். அவர்களைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

டர்பன் துறைமுகத்தின் உள்ளே சாலிசுபரித் தீவு என்று ஒன்று இருந்தது. 'இருந்தது' என்று சொல்லக் காரணம் உண்டு. இன்று அது கரையோடு இணைந்து துறைமுகத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ஒப்பந்தத்திலிருந்து விடுபட்ட நம்மவர் சிலர் அங்கே குடிசை போட்டுப் படகு கட்டி, கரைவலை இழுத்து, கருவாடு காயவைத்து வாழ்ந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடற்படைத் தளம் வந்தது. அவர்கள் எதிர்க்கரைக்குத் தள்ளப்பட்டார்கள். பிறகு இனவாரிக் குடியிருப்புச் சட்டம் வந்தது. கடலே கண்ணில் படாத சாட்சுவர்த்துக்கு அனுப்பப்பட்டார்கள். விட்டுப்போன கடற்படைக் கட்டடங்களில் 1961-இல் இந்தியருக்கென ஒரு பல்கலைக்கழகக் கல்லூரியை அரசு திறந்தது. வலை இழுத்தவர்களின் தீவுக்கு மாணவர்கள் படகேறிப் படிக்கப் போனார்கள். வரலாறு சில சமயம் இப்படிப் பரிகாசம் செய்கிறது.

இத்தனைக்குப் பிறகும் கரைவலை அறுந்துவிடவில்லை. அதை நானே கண்டேன்.

சூன் மாதத்தில் ஒருநாள் டர்பனுக்குத் தெற்கே ஸ்காட்பர்க் அருகே கடற்கரைக்குப் போயிருந்தோம். கரையில் ஒரே கூட்டம். வாளியும் கையுமாகக் குழந்தைகள், பெண்கள், கிழவர்கள். ஆண்டுதோறும் மே முதல் சூலை வரையிலான நாட்களில் தெற்கே கேப் பகுதியின் குளிர்ந்த கடலிலிருந்து சாளை மீன் கூட்டங்கூட்டமாக வடக்கு நோக்கி வரும். நம் சென்னைப் பக்கத்துச் சந்தையில் 'கவலை' என்று விற்கிறார்களே, அதற்கு நெருங்கிய உறவு. பெயர்தான் கவலை, வறுத்தால் கவலை தீரும். ஒரு கூட்டம் ஏழு கிலோமீட்டர் நீளமும் ஒன்றரைக் கிலோமீட்டர் அகலமும் முப்பது மீட்டர் ஆழமும்கூட இருக்கும் என்கிறார்கள். கரைக்கும், ஆழத்தில் ஓடும் வெந்நீரோட்டமான அகுல்லாசுக்கும் இடையே ஒரு குளிர்நீர்ப் பட்டை அந்தப் பருவத்தில் அமைகிறது. அதற்குள் மீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருகின்றன. அவற்றின் பின்னே ஆயிரக்கணக்கில் ஓங்கில்கள், சுறாக்கள், சில வேளை திமிங்கலம். மேலே கானெட் என்னும் பெரிய வெண்பறவைகள். வானத்திலிருந்து சிறகை மடக்கிக்கொண்டு எறிந்த ஈட்டியாய் நீரில் விழுகின்றன. பறவை விழுமிடமே மீன் இருக்குமிடம்.

ஒரு முதியவர் மணல்மேட்டில் நின்று கண்ணை மறைத்துக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கையை உயர்த்தினார். சிறு படகொன்று வலையை இறக்கியபடியே அரை வட்டமாகச் சுற்றி வந்தது. இரு முனைக் கயிறுகளும் கரைக்கு வந்தன. வலைக்காரர்களோடு வேடிக்கை பார்க்க வந்தவர்களும் கயிற்றைப் பற்றினார்கள். நானும் பற்றினேன், உள்ளங்கை எரிந்தது மூன்று நாள் நீடித்தது. வலை நெருங்க நெருங்க நீர் கொதிப்பது போலிருந்தது. பிறகு வெள்ளி. வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை. நம் ஊரில் பிறந்த எனக்குச் சரிகைதான் நினைவுக்கு வந்தது. கூடைகள் நிரம்பின, மணலிலேயே விலை பேசினார்கள், ஒரு மணி நேரத்தில் விலை பாதியானது.

அந்த முதியவரோடு பின்னர்ப் பேசினேன். அவருடைய பாட்டனாரின் தந்தை கப்பலில் வந்தவர். தாத்தா, அண்ணன், அக்கா என்ற உறவுச் சொற்கள் அவரிடம் இருந்தன. மற்றபடி ஆங்கிலமும் சூலு மொழியும்தான். பறவையைக் காட்டி, "உங்கள் மொழியில் இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டார். 'உங்கள் மொழி' என்றுதான் சொன்னார். "கடற்பறவை" என்றேன். பொருளை விளக்கச் சொன்னார், விளக்கினேன். சிரித்துவிட்டார். "அது எனக்கே தெரிகிறதே!" என்றார்.

அது நம் கடலுக்கு வாராத பறவை, பெயரில்லாமற் போனதில் வியப்பில்லை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அவர் விடவில்லை. நீரின் நிறம் மாறினால் என்ன, காற்றுத் திரும்பினால் மீன் எப்பக்கம் ஒதுங்கும், கூட்டத்தின் அடியில் சுறா இருக்கிறதா என்பதை மேற்பரப்பைக் கொண்டே எப்படி அறிவது என்று சொல்லிக்கொண்டே போனார். தந்தையிடம் கற்றது; தந்தை தம் தந்தையிடம். இவை ஒவ்வொன்றுக்கும் ஒருகாலத்தில் அந்தக் குடும்பத்தில் தமிழ்ச் சொல் இருந்திருக்க வேண்டும். அவரிடம் பொருள் முழுதாக இருக்கிறது, சொல் இல்லை. என்னிடம் சொல் இருக்கிறது, பொருள் இல்லை.

ஒன்றே ஒன்றில் மட்டும் நான் தப்பினேன். மணல்மேட்டில் ஒரு கொடி படர்ந்து ஊதா நிறத்தில் பூத்திருந்தது. இலை நடுவே பிளந்து குளம்புபோல் இருந்தது. உரையில் படித்த வருணனை நினைவுக்கு வந்தது. "அடும்பு" என்றேன். மாமல்லபுரத்து மணலில் சிறுவயதில் மிதித்துக்கொண்டு நடந்த அதே கொடிதான். வெப்பமண்டலக் கரைகள் பலவற்றிலும் இது படர்வதாகப் பின்னர் அறிந்தேன். அவர் அந்தச் சொல்லை இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்தார். டகரம் அவருக்கு எளிதாகவே வந்தது. எங்கள் காலருகே ஒரு வெளிறிய நண்டு ஓடி வளையில் புகுந்தது. அலவன்! நெய்தல் தலைவி விளையாடும் அலவனை நூறு முறை பாடம் நடத்தியிருக்கிறேன். அது ஓடும்போது கால் மண்ணில் படுகிறதா என்றே ஐயம் எழும்படி ஓடும் என்பதை அன்றுதான் கண்டேன்.

அடும்பு, அலவன், சுறா, முதலை. நெய்தலின் கருப்பொருள் அத்தனையும் அங்கே இருந்தன. இரங்கலுக்கும் குறைவில்லை. பாட்டு மட்டும் எழுதப்படவில்லை.

எழுதியிருந்தால் அதில் வேறொரு செய்தியும் வந்திருக்கும். 1953-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கடற்கரை நிறவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1989 நவம்பரில்தான் கரைகள் எல்லார்க்கும் திறக்கப்பட்டன. மறு ஆண்டு சட்டமே நீக்கப்பட்டது. தம் தந்தை வலை இழுத்த கரையில் தாம் சிறுவனாய்க் குளிக்க முடியாதிருந்ததை அம்முதியவர் சினமின்றிச் சொன்னார். மீனுக்கு அந்தச் சட்டம் தெரியாது, எந்தக் கரையிலும் ஒதுங்கும் என்றார்.

குளிப்பவர்களைச் சுறாவிடமிருந்து காக்க 1952 முதல் டர்பன் கடலில் வலை கட்டியிருக்கிறார்கள். காவல் வலை என்று பெயர். ஆமையும் ஓங்கிலும் அதில் சிக்கிச் சாகின்றன. சாளை வரும் நாட்களில் மட்டும் வலையை எடுத்துவிட்டுக் குளிப்பதைத் தடை செய்கிறார்கள். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. சில வாரங்களேனும் கடலைக் கடலுக்கு விட்டுவிடுகிறார்களே!

சாளையைப் பற்றி 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அம்மீன்களின் மரபணுவை ஆராய்ந்ததில், அவை அட்லாண்டிக் பக்கத்துக் குளிர்நீருக்கு உரியவை என்று தெரிந்தது. தென்முனையில் மேலெழும் குளிர்நீர் அவற்றைக் கிழக்கே ஈர்க்கிறது. நேட்டால் கடல் வெப்பமடையும்போது தமக்கு ஒவ்வாத நீரில் அகப்பட்டுக்கொள்கின்றன. அந்தப் பெரும்பயணத்தால் அவற்றுக்கு நன்மை ஏதுமில்லை, அது ஒரு பொறி என்கிறார்கள். இதைக் கேட்டதும் இங்குள்ள கவிஞர்களுக்குக் கை துறுதுறுக்கும்: ஆசை காட்டிக் கப்பலேற்றப்பட்ட கூலிகளும் இந்த மீனும் ஒன்று என்று எழுதத் தோன்றும். எனக்கும் தோன்றியது, இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். மீன் அங்கே நிலைப்பதில்லை. மனிதர்கள் நிலைத்தார்கள், இசிபிங்கோவில் மாரியம்மனுக்குக் கோயில் கட்டினார்கள், வலை பின்னினார்கள். ஓர் உயிரை இன்னொன்றின் உவமையாக்கும் அவசரத்தில் இரண்டையும் பார்க்கத் தவறுகிறோம்.

வடக்கே செயின்ட் லூசியா என்னும் கழிமுகத்துக்கும் போனோம். 1999-இல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்ட இடம். சூலு மொழியில் இசிமங்கலிசோ, வியப்பு என்று பொருள். நூற்றுக்கணக்கில் நீர்யானைகள் வாழ்கின்றன. இரவில் ஊர்த் தெருவிலேயே புல் மேய வரும், பார்த்து நடங்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதற்கும் வடக்கே ஏழுவரி ஆமையும் பெருந்தலை ஆமையும் கோடையில் முட்டையிடுகின்றன. 1963 முதல் ஆண்டு தவறாமல் எண்ணிக் காத்துவருகிறார்கள். நான் போன பருவம் ஆமைக்கு உரியதன்று. ஆனால் கரையில் ஓர் உடும்பைக் கண்டேன். நீர் உடும்பு, நம்முடையதைவிடப் பெரியது. தாய் முதலை அயர்ந்த நேரத்தில் முட்டைகளைத் தோண்டித் தின்பதில் வல்லது என்றார் படகோட்டி. நான் என்னையறியாமல் கைகூப்பிவிட்டேன். அருகிலிருந்தவர்கள் திகைத்தார்கள். சம்பந்தர் பாடிய எங்கள் ஊர் இறைவனுக்கு உடும்பீசர் என்று ஒரு பெயர் உண்டு, பொன்னுடும்பாய்ப் புற்றில் மறைந்தவர், இலிங்கமே உடும்பின் வால் வடிவு என்று அந்தப் படகில் என் மகள் ஆங்கிலத்தில் விளக்க வேண்டியதாயிற்று. படகோட்டி தலையசைத்து, "அப்படியானால் அதன் வாலருகே போகாதீர்கள், அடிக்கும்" என்றார். வால் அடிக்கும் என்பதை நம் தலபுராணம் சொல்லவில்லை.

ஊர் திரும்பியபின் ஒரு பழக்கம் ஏற்பட்டது. சதுரங்கப்பட்டினத்துக்கும் கோவளத்துக்கும் போய், வலைக்காரர்களிடம் சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன். முதலில் ஏதோ அதிகாரி என்று எண்ணி வாய் திறக்கவில்லை. இப்போது தேநீர் வாங்கித் தருகிறார்கள். இதுவரை ஒரு நோட்டுப் புத்தகம் நிறைந்திருக்கிறது. நம் அகராதிகளில் இல்லாத சொற்களும் அதில் உண்டு. பார்க்க விரும்புவோர் வீட்டுக்கு வரலாம்.

2025 சனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். இழுவலையில் சிக்கினால் மூச்செடுக்க மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும் உயிர் அது. அந்த மாதக் கூட்டத்தில் நாம் பொங்கலைப் பற்றிப் பன்னிரண்டு கவிதைகள் படித்தோம்.

சென்னையில் மாணவர்கள் 1988 முதல் ஓர் அமைப்பாகச் சேர்ந்து, ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் நீலாங்கரை முதல் பெசன்ட் நகர் வரை இரவு முழுவதும் கரையில் நடந்து ஆமை முட்டைகளைப் பாதுகாத்து வருகிறார்கள். வார இறுதி இரவுகளில் பொதுமக்களையும் அழைத்துச் செல்கிறார்கள். விளக்கு எடுத்துப் போகலாகாது. ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணலில் நடக்க வேண்டும். தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாம் போகலாம் என்று எண்ணுகிறேன். காஞ்சிபுரத்திலிருந்து மாலைப் பேருந்தைப் பிடித்தால் போதும். வருகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். முதல் பெயர் அவருடையதாகவே இருக்கட்டும். கடல் ஏது என்று கேட்டவர் அவர்தானே.