புல்வெளியில் ஒரு குழி

இங்கிலாந்தின் ஊர்ப் பூங்காக்களிலும் வயல்வெளிகளிலும் விடுமுறை நாட்களிலே ஒரு வகை மனிதரைக் காணலாம். காதிலே ஒலிக்கருவி, கையிலே நீண்ட கோல், கோலின் நுனியிலே தட்டுப் போன்ற ஒரு வளையம். நிலத்தைத் துழாவிக்கொண்டு மெல்ல நடப்பார். திடீரென நிற்பார், மண்டியிடுவார், சிறு கரண்டியால் மண்ணைக் கிளறுவார். அகப்படுவது பெரும்பாலும் சோடாப் போத்தல் மூடியாகவே இருக்கும்.

அவர் ஏந்திச் செல்வது உலோகங்காண் கருவி. வளையத்திலே பாயும் மின்னோட்டம் மண்ணுக்குள் காந்தப் புலத்தை எழுப்புகிறது. அங்கே உலோகம் கிடந்தால் அதிலும் மின்னோட்டம் பிறந்து, காதிலே ஒலியாகக் கேட்கிறது. இரண்டாம் உலகப் போரிலே கண்ணிவெடி தேடிய கருவியின் வழித்தோன்றல் இன்று பொழுதுபோக்குக்கு உதவுகிறது. ஒரு சாண் ஆழத்திலே கிடக்கும் நாணயத்தை அது காட்டிக்கொடுக்கும். ஆயினும் கிடப்பது பொன்னா, தகரமா என்பதைத் தோண்டிய பின்னரே திட்டமாக அறியலாம். வம்பு பிறப்பதும் அந்தத் தோண்டலிலேதான்.

பொதுப் பூங்கா எல்லோருக்கும் உரியது, ஆகவே எவரும் தோண்டலாம் என வாதிப்பாருமுளர். ஊர்க் கிணறு எல்லோருக்கும் உரியது, ஆகவே எவரும் அதிலே கல்லெறியலாம் என்பது போன்ற வாதம் இது. நிலத்துக்குரியவரின் அனுமதியின்றித் தேடுதல் அங்கே கூடாது. ஊர்ப் பூங்காவுக்கு உரியது பெரும்பாலும் உள்ளூராட்சி மன்றமே. இலண்டனிலுள்ள அரச பூங்காக்களிலோ எழுத்து மூலமான அனுமதி வேண்டும். பழஞ்சின்னங்களெனக் காக்கப்படும் இடங்களில் அனுமதியின்றிக் கருவியை இயக்குவதே 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

சட்டம் இவ்வளவு சொல்லும். குழியை மூடும் முறையைச் சொல்லாது. அதனைப் பண்பே சொல்லவேண்டும். பழகிய கையினர் புல்லை மூன்று பக்கம் மட்டுமே வெட்டுவர். நான்காம் பக்கத்தை வேரோடு விட்டு, நூலின் அட்டையைத் திறப்பது போல மடித்துத் திறப்பர். தோண்டிய மண்ணைப் புல்மீது சிதறவிடாது ஒரு துணியிலே குவித்து, முழுவதையும் மீளக் கொட்டிப் புல்லை மூடி மிதித்து அழுத்துவர். மண் வறண்ட கோடையிலே வெட்டிய புல் கருகிவிடும். அக்காலத்திலே தோண்டாமல் விடுவர். மூடாத குழி சிறியதுதான். ஓடி வரும் குழந்தையின் கணுக்கால் அதனினும் சிறியது. அகப்பட்ட துருவாணிகளையும் தகரத் துண்டுகளையும் தம் பையிலேயே எடுத்துச் செல்வதால் பூங்காவுக்கு இலாபமே. போர்க்காலக் குண்டு போன்ற ஏதேனும் தென்பட்டாலோ, தொடாது விலகிப் பொலிஸாருக்கு அறிவித்தல் வேண்டும்.

இவற்றினும் அரிய ஒழுக்கம் ஒன்றுண்டு. அது, தோண்டுவதை நிறுத்தத் தெரிந்திருத்தல். பூங்காவில் நடந்ததன்று, எனினும் இதனை விளக்க வயலொன்றின் வரலாறே பொருத்தமானது. 1992ஆம் ஆண்டு நவம்பரில், சஃபொக் பகுதியிலுள்ள ஹொக்ஸன் என்னும் கிராமத்திலே கமக்காரர் ஒருவர் தமது சுத்தியலைத் தொலைத்துவிட்டார். அதனைத் தேடித்தர வந்தவர் எரிக் லோஸ் என்பவர். கருவி ஒலித்த இடத்தைக் கிளறியபோது வெள்ளிக் கரண்டிகளும் பொன் நாணயங்களும் வந்தன. ஓரளவு எடுத்ததும், இது தம் கையால் ஆகும் காரியமன்று என உணர்ந்து, மேலும் தோண்டாது நிறுத்தினார். நிலத்துக்குரிய மாவட்ட சபைக்கும் பொலிஸாருக்கும் செய்தி போயிற்று. மறுநாள் தொல்பொருள் ஆய்வாளர் வந்து முறைப்படி அகழ்ந்தனர். உக்கிப்போன மரப்பெட்டியின் உருவமும், எந்தப் பொருளுக்கு அருகே எந்தப் பொருள் இருந்தது என்பதும் அதனாலேயே தெரியவந்தன. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே உரோமச் செல்வர் ஒருவர் புதைத்த திரவியம் அது; 14,865 நாணயங்கள். மிளகுத் தூள் வைக்கும் வெள்ளிச் சிமிழ்கள் நான்கும் இருந்தன. அவற்றை நிறைத்த மிளகு பாரத தேசத்துக் கரையிலிருந்து கப்பலேறிப் போனதல்லவா! லோஸ் 17½ இலட்சம் பவுண் சன்மானம் பெற்று, கமக்காரருக்கும் பங்களித்தார். தொலைந்த சுத்தியலும் அகப்பட்டது. அதுவும் இன்று பிரித்தானிய நூதனசாலையிலே இருக்கிறது.

பின்னர் வந்த 1996ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின்படி, இத்தகைய பொருளைக் கண்டெடுத்தவர் 14 நாட்களுக்குள் மரண விசாரணை அதிகாரிக்கு அறிவித்தல் வேண்டும். 2015ஆம் ஆண்டில் லெம்ஸ்டர் நகருக்கருகே ஒரு வயலிலே புதையல் கண்ட இருவர் அவ்வாறு செய்யவில்லை; களவாக விற்கத் தொடங்கினர். 2019ஆம் ஆண்டிலே நீதிமன்றம் அவர்களைச் சிறையிட்டது. ஏறக்குறைய 300 நாணயங்கள் இருந்தன எனக் கருதப்பட்டது. வழக்கு முடிந்தபோது மீட்கப்பட்டிருந்தவை 31. அவற்றிலே சிலவற்றில் வெசெக்ஸ் மன்னன் அல்பிரட்டின் காலத்து உருவம் ஒன்று காணப்பட்டது: இரு அரசர் அருகருகே வீற்றிருக்கின்றனர். மேர்சிய மன்னன் சியோல்வுல்பை வெறும் கைப்பொம்மை எனப் பழைய வரலாற்றேடு இகழ்ந்திருந்தது. அல்பிரட்டும் அவனும் துணைவராய் இருந்தனர் என்பதற்கு இந்நாணயங்கள் சான்றாயின. ஆனால், அவை மண்ணிலே எவ்வாறு, எவற்றோடு சேர்ந்து கிடந்தன என்பதை இனி எவராலும் பார்த்து எழுதமுடியாது. அந்தக் குழி களவாகத் தோண்டப்பட்டது.