திடலில் நின்ற பேராசிரியர்: ஏமஸ் அலான்சோ ஸ்டாக்

1892இல் சிகாகோ பல்கலைக்கழகம் கதவு திறந்தது. அதன் முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் மொழிக்கும் அறிவியலுக்கும் பேராசிரியர்களைத் தேடிய கையோடு விளையாட்டுக்கும் ஒருவரை அழைத்துவந்தார். யேலில் தம்மிடம் படித்த ஏமஸ் அலான்சோ ஸ்டாக்தான் அவர். இணைப் பேராசிரியர் பதவி, உடற்கல்வித் துறைத் தலைமை, நிரந்தர வேலை. அன்றைய அமெரிக்காவில் கேள்விப்படாத ஏற்பாடு இது. அதுவரை கல்லூரி அணிகளை மாணவத் தலைவனே நடத்துவான். பழைய மாணவர் யாராவது ஆட்டப் பருவத்தில் வந்து யோசனை சொல்லிவிட்டுப் போவார்.

ஸ்டாக் 1862இல் நியூஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் ஒரு செருப்புத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். பாதிரியாராக வேண்டும் என்றுதான் யேலுக்குப் போனார். அங்கே பேஸ்பாலில் பேர்பெற்ற பந்துவீச்சாளரானார். தொழில்முறை அணிகள் பணத்தோடு அழைத்தும் போகவில்லை. 1889இல் நாட்டின் முதல் ‘ஆல் அமெரிக்கா’ கால்பந்து அணியில் அவர் பெயர் இருந்தது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்தைத்தான் சொல்கிறோம். கடைசியில் பிரசங்க மேடை தமக்கு ஏற்றதல்ல என்று முடிவுசெய்து, மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்குப் போனார். இளைஞரைத் திடலில் வைத்தே நல்வழிப்படுத்தலாம் என்ற நம்பிக்கை அங்கே வேர்விட்டது. 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக்கும் அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்றவர்தான். நந்தனம் திடலில் ஓடிப் பழகிய நம் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஸ்டாக் அவ்வளவு அந்நியரல்லர்.

ஸ்பிரிங்ஃபீல்டில் அவருடைய கால்பந்து அணியில் ஆடியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891 டிசம்பரில் பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக்கூட மாடத்தின் விளிம்பில் மாட்டிக் கூடைப்பந்தை உருவாக்கியவர் இவரே. 1892 மார்ச் 11இல் பொதுமக்கள் முன் நடந்த முதல் ஆட்டத்தில் மாணவர்கள் ஆசிரியர்களை 5-1 என வென்றார்கள். அந்த ஒற்றைப் புள்ளியை எடுத்தவர் ஸ்டாக்.

சிகாகோவில் கால்பந்து, பேஸ்பால், தடகளம் எல்லாம் அவர் பொறுப்பு. 1896 ஜனவரியில் தம் மாணவர்களை அயோவா சிட்டிக்கு அழைத்துப்போய், அணிக்கு ஐந்து பேர் ஆடும் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல் போட்டியில் 15-12 என்று வென்று திரும்பினார். 1905இல் இன்னும் பெரிய வெற்றி: 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத மிச்சிகனைக் கால்பந்தில் 2-0 என்று வீழ்த்தினார்கள்.

அவர் பெயரைச் சொன்னதும் கண்டுபிடிப்புகளை அடுக்குவது வழக்கம். மோதிப் பழகும் பொம்மை, பேஸ்பால் மட்டைப் பயிற்சிக்கான வலைக்கூண்டு என்று அது நீளும். அவற்றைவிட அந்த 1892 நியமனமே பெரிது. ஆட்டம் சொல்லித்தருபவரும் ஆசிரியரே என்று ஒரு பல்கலைக்கழகம் எழுத்தில் ஒப்புக்கொண்டது. மற்றவையும் அந்த வழிக்கு வந்தன. அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. கூட்டமும் வசூலும் பெருகப் பெருக, கல்லூரிக் கால்பந்து படிப்பை விட்டு விலகித் தனி வியாபாரமாக வளர்ந்தது. அதைப் பொறுக்காத சிகாகோ 1939இல் அந்த ஆட்டத்தையே கைவிட்டது. ஆளற்றுக் கிடந்த ஸ்டாக் திடலின் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான், 1942 டிசம்பர் 2 அன்று, உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுக்கருத் தொடர்வினை நடந்தது.

அதற்குள் ஸ்டாக் அங்கே இல்லை. நாற்பத்தோரு பருவங்களுக்குப் பிறகு, எழுபது வயது விதியைக் காட்டி அவரைப் பயிற்சியிலிருந்து விலக்கினார்கள். வேறு பொறுப்பு தர முன்வந்தார்கள். மறுத்துவிட்டுக் கலிபோர்னியாவின் ஸ்டாக்டனுக்குக் கிளம்பினார். பசிபிக் கல்லூரி அணியை 1933 முதல் 1946 வரை வளர்த்தார். 1943இல், 81 வயதில், சக பயிற்சியாளர்கள் அவரை ஆண்டின் சிறந்த பயிற்சியாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். மனைவி ஸ்டெல்லா எதிரணி ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெடுத்துத் தருவார். அந்த உழைப்பு எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் ஏறவில்லை, ஏறியிருக்க வேண்டும்.

1947இல் பென்சில்வேனியாவின் சஸ்குவஹன்னா பல்கலைக்கழகத்தில், அதே பெயர் கொண்ட தம் மகனோடு சேர்ந்து மறுபடி திடலில் இறங்கினார். 1952 வரை அங்கே இருந்தார். 1965இல் 102 வயதில் மறைந்தபோது கல்லூரிக் கால்பந்தில் 314 வெற்றிகள் அவர் கணக்கில் இருந்தன. அந்த எண்ணை அலபாமாவின் பேர் பிரையன்ட் 1981இல்தான் தாண்டினார்.