பனிக்கால விருந்து

விருந்து என்றதும் இன்று நமக்கு வாழையிலையும் பாயாசமுமே நினைவுக்கு வருகின்றன. பழந்தமிழில் அச்சொல்லுக்குப் புதுமை என்பது பொருள். செய்யுளின் எட்டு வனப்புகளைச் சொல்லுமிடத்தில் தொல்காப்பியர் புதிதாக யாக்கப்படும் செய்யுள் வகையை ‘விருந்து’ என்றே குறிக்கிறார். வீட்டுக்குப் புதிதாக வருபவரும் அதனாலேயே விருந்து ஆனார். அப்படியாயின், பாலர் வகுப்பிலே ஒரே வாங்கில் இருந்தவன் வந்தால் அவன் விருந்தா?

2017ஆம் ஆண்டு மார்கழியில் என் வீட்டுக்கு அப்படி ஒருவன் வந்தான். 1986இல் கனடா போனவன். வெளிநாடுகளிலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் நல்லூர்த் திருவிழாவை ஒட்டி ஆடி, ஆவணியில் வருவார்கள். இவன் மட்டும் பனிக்காலத்தைத் தெரிந்துகொண்டான். “பத்து நாள் நிற்பன். ஓரிடமும் கூட்டிக்கொண்டு போகாதை” என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டான். கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்து இறங்கியபோது அவனிடம் இருந்தது ஒரேயொரு சிறிய பை.

வலிகாமத்துக் கிராமம் எங்களுடையது. எங்கள் மார்கழிக் குளிரைக் குளிர் என்று சொன்னால் அவன் சிரிப்பான். விடியற்புறத்தில் 22, 23 பாகைக்கு இறங்கும், அவ்வளவுதான். அதற்கே நாங்கள் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, சால்வையால் போர்த்துக்கொண்டு, வாடைக்காற்றைத் திட்டுவோம். ரொறன்ரோவில் முப்பது வருடம் பனி வழித்தவன் ஒரு பெனியனோடு முற்றத்தில் நின்றான். ஆனால் மூன்றாம் நாள் அவனும் சால்வை கேட்டான். குளிருக்காகக் கேட்டான் என்று நான் நினைக்கவில்லை.

விருந்தினரை வைத்துப் பார்ப்பது பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. இப்போது வருகிறவர்களை நாங்கள் வான் பிடித்துக் கீரிமலை, நயினாதீவு, கசூரினா என்று இழுத்தடிக்கிறோம். இரவில் களைத்து வந்து படுக்கிறார்கள். போகும்போது கைத்தொலைபேசி நிறையப் படங்கள் இருக்கும், ஒரு கதை கதைத்திருக்க மாட்டோம். என் நண்பனுக்கு அந்த உபசாரம் கிடைக்கவில்லை. விடிய நாலரைக்குத் திருவெம்பாவைக்காரரின் சங்கும் சேமக்கலமும் ஒழுங்கையால் போகும். விழித்தால் விழிப்பான், இல்லையேல் படுத்திருப்பான். கிணற்றடிக்குப் போவான். மார்கழி விடியலில் எங்கள் சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீர், அள்ளி ஊற்றினால் இளஞ்சூடாக இருக்கும். தண்ணீரின் சூடு பெரிதாக மாறுவதில்லை, வெளியில் காற்றுத்தான் குளிர்ந்துவிடுகிறது. இது தெரிந்தும் அவன் ஒவ்வொரு நாளும், “தண்ணி சுடுகுதடாப்பா” என்று புதிதாக அதிசயப்பட்டான். விருந்து என்ற சொல்லுக்குத் தொல்காப்பியர் கொண்ட பொருள் அங்கேதான் எனக்குச் சரியாக விளங்கியது.

பகலில் பக்கத்துத் தோட்டத்தில் வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். என் மனைவி, “அண்ணை, தேத்தண்ணி ஆறுது” என்று மூன்றுமுறை கூப்பிட்ட பிறகுதான் வருவான். ஏதோ கேட்க வாயெடுப்பான். பிறகு, “உங்கை முந்தி ஒரு பூவரசு நிண்டதெல்லே” என்று வேறெதையாவது கேட்பான்.

நான்காம் நூற்றாண்டுச் சீனத்திலே வாங் ஹுய்ச்சி என்றொருவர் இருந்தார். பெரும் எழுத்தோவியர் வாங் சீச்சியின் மகன். பனி கொட்டிய ஓரிரவில் அவருக்குத் தாய் குய் என்ற நண்பரின் நினைவு வந்தது. உடனே படகேறினார். இரவு முழுவதும் பயணஞ்செய்து நண்பரின் வாசலை அடைந்தவர், கதவைத் தட்டாமலே திரும்பிவிட்டார். ஏனென்று கேட்டவர்களுக்கு, மனவெழுச்சியால் போனேன், அது தீர்ந்தது, திரும்பினேன், அவரைப் பார்க்கத்தான் வேண்டுமா என்றாராம். இலக்கிய ரசிகர்கள் வியக்கும் கதை. எனக்கு அதில் ஒரு குறை. உள்ளே இருந்த தாய் குய்யின் பக்கத்தை யாரும் எழுதவில்லை. என் நண்பனும் நான்கு நாட்கள் வாசல்வரை வந்து வந்து திரும்பினான். நான் உள்ளே இருந்தேன். என்ன கேட்கப்போகிறான் என்பதும் எனக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் பனங்கிழங்கு கிண்டினோம். மாலையில் அவித்து, முற்றத்தில் ஊமல் போட்டு மூட்டிய நெருப்பருகே இருந்தோம். பனங்கிழங்கு அவசரக்காரருக்கான தீன் அல்ல. தோலை உரிக்கவேண்டும், இரண்டாகப் பிளந்து நடுவிலுள்ள பீலியை எடுக்கவேண்டும், தும்பு தும்பாகக் கிழிக்கவேண்டும். கைக்கு வேலை இருக்கும், கண் ஆளை ஆள் பார்க்கத் தேவையில்லை.

“மச்சான், அம்மா கடைசியிலை என்ன கதைச்சவ?”

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் ஒரே வீதியில் தென்மராட்சிக்கு நடந்தது. அவனுடைய தாயார் எங்களோடுதான் வந்தார். அந்த மார்கழியில், மீசாலையில் ஒரு தென்னங்காணிக் கொட்டிலில் காலமானார். நான் எழுதிய கடிதம் அவனைச் சேர மாதங்கள் சென்றன. அதிலே திகதியும் காய்ச்சலும் கிரியைகளும் இருந்தன. மற்றவை கடிதத்தில் எழுதும் விஷயங்களல்ல.

“மாட்டை அவிட்டு விட்டனியோ எண்டு கேட்டவ. ஒரு நாளைக்குப் பத்துத்தரம்.”

“அவிட்டு விட்டனியோ?”

“அவிட்டுத்தான் விட்டனான்.” 1996இல் திரும்பி வந்தபோது கட்டை மட்டும் நின்றது. அதையும் சொன்னேன்.

அவன் கிழங்கைக் கிழித்துக்கொண்டே இருந்தான். தின்னவில்லை.

“என்னைக் கேட்டவவோ?”

இப்படியொரு கேள்விக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்வது எளிது. நல்லவேளையாக எனக்கு அது தேவைப்படவில்லை.

“கேட்கேல்லை. கடைசி இரண்டு நாளும் என்னை உன்ரை பேர் சொல்லித்தான் கூப்பிட்டவ.”

“நீ என்ன சொன்னனீ?”

“ஓமம்மா எண்டனான்.”

நெருப்பு அவியும்வரை இருந்தோம். உள்ளேயிருந்து மனைவி ஒருமுறை எட்டிப் பார்த்தாள், கூப்பிடவில்லை. மறுநாள் சங்கும் சேமக்கலமும் போனது அவனுக்குத் தெரியாது. எட்டு மணிவரை நித்திரை கொண்டான். எழும்பி வந்து, தன் தாயார் கிழங்கோடு மிளகும் உள்ளியும் தேங்காய்ப்பூவும் போட்டு உரலில் இடிப்பாரே, அது இப்போதும் செய்வீர்களா என்று என் மனைவியிடம் கேட்டான். உரல் கோடிப்புறத்தில் கவிழ்ந்து கிடந்தது. இருவருமாக உருட்டி வந்து கழுவினோம். உலக்கையை அவனே பிடித்தான். பாதி முற்றத்தில் சிந்தியது.

அன்று பின்னேரம், பயணச்சீட்டின் திகதியை மாற்றலாமோ என்று விசாரித்தான். மாற்றலாமாம், கொஞ்சம் காசு கட்டவேண்டும். கட்டினான். தைப்பொங்கலுக்கும் நின்றான்.